பையன் 39 அங்குலம், அம்மாவுக்கு 71 வயது: டிஸ்னி வேர்ல்ட் இப்போது போகலாமா, காத்திருக்கலாமா?

#1 காவிரிக்கரை (கேரி, வட கரோலினா)

இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. போய் வந்தவர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.

மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. மகனுக்கு 4. கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார், பிப்ரவரி கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார். அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகளின் வகுப்பில் பாதிப் பேர் டிஸ்னி வேர்ல்ட் இருக்கிற ஆர்லாண்டோவுக்குப் போய் வந்துவிட்டார்கள். அவள் அடம்பிடிக்கிற பெண் இல்லை. ஆனால் போன மாதம் நோட்டில் டிஸ்னி கோட்டை ஒன்றை வரைந்து, வாசலில் எங்கள் ஐந்து பேரையும் நிறுத்தி, பாட்டிக்கு மட்டும் புடவைக் கரை வரைக்கும் வண்ணம் தீட்டியிருந்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்துதான் இந்த யோசனை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் 5 இரவு, 4 நாள் பூங்கா என்று கணக்குப் போட்டோம். டிக்கெட் மட்டும் 3,400 டாலர். தங்குமிடம் 1,700. வரிசையைக் குறைக்கிற பாஸ் 700. சாப்பாடு 900. பெட்ரோலும் சேர்த்தால் 7,000 டாலரைத் தொடுகிறது. நாங்கள் நாலு பேரும் ஊருக்குப் போய் வர விமான டிக்கெட்டுக்கு ஆகிற தொகை இது.

பணத்தைவிட என்னை அதிகம் அலைக்கழிப்பது வேறு. சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பையனை அளந்தோம், 39 அங்குலம். ஸ்பேஸ் மவுண்டன் மாதிரிப் பெரிய சவாரிகளுக்கு 44 அங்குலம் வேண்டும். அவன் வளரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தால் அம்மாவுக்கு 73 ஆகிவிடும். அடுத்த முறை அவர் இவ்வளவு தூரம் வருவாரா என்பதே தெரியாது.

#2 எடிசன் அப்பா

வேண்டாம் சகோதரி. மூன்று முறை போய் வந்தவனாகச் சொல்கிறேன்.

முதல் தடவை போனபோது பெரியவனுக்கு 4 வயது. இப்போது அவனுக்கு 13. எதுவும் நினைவில்லை, போட்டோவைக் காட்டினால் "ஓ, அப்படியா" என்கிறான். இரண்டாவது தடவை கிறிஸ்துமஸ் வாரம். காலை ஏழு மணிக்கு எழுந்து, போனில் பாஸ் எடுக்க நானும் மனைவியும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாள் முழுக்க அதே வேலை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததைவிடப் போனைப் பார்த்ததுதான் அதிகம். அந்தச் செலவைக் கிரெடிட் கார்டில் போட்டு எட்டு மாதம் வட்டியோடு கட்டினேன். அந்த எட்டு மாதமும் வீட்டில் நிம்மதி இல்லை.

மூன்று வருடம் முன்பு கோடை முழுக்கப் பிள்ளைகளைத் திருவாரூர்ப் பக்கம் என் மாமனார் வீட்டில் விட்டோம். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறதும், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறதும், தாத்தாவோடு சைக்கிள் பின்னால் உட்கார்ந்து கடைத்தெரு போகிறதும் இன்றைக்கும் பேச்சில் வருகின்றன. 7,000 டாலரை அதற்குச் செலவழியுங்கள்.

வகுப்பில் எல்லாரும் போய்விட்டார்கள் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். அதற்கு முடிவே கிடையாது. இந்த வருடம் ஆர்லாண்டோ, அடுத்த வருடம் கப்பல் பயணம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

#3 ஆஸ்டின் அம்மா

எடிசன் அண்ணா சொல்கிற கடன் விஷயத்தில் எனக்கும் அதே கருத்துதான். கடன் வாங்கிப் போகவே கூடாது. ஆனால் "நினைவில் நிற்காது, அதனால் வீண்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாலு வயதில் அம்மா சோறு ஊட்டினதும் நமக்கு நினைவில்லை. அது வீணாகவா போயிற்று?

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா எங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வி.ஜி.பி.க்கு அழைத்துப் போனார். அப்பா மில் தொழிலாளி. அந்த ஒரு நாளுக்காக எத்தனை மாதம் காசு சேர்த்தார் என்று அம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரியும். வாசலில் சிலை மாதிரி அசையாமல் நிற்பாரே ஒருவர், அவர் எதிரில் நானும் தம்பியும் அரைமணி நேரம் நின்று எல்லா வேடிக்கையும் காட்டினோம். அவர் இமைக்கவில்லை. அப்பா பின்னால் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். அப்பா அப்படி வாய்விட்டுச் சிரித்து வேறெப்போதும் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ராட்டினம் எதுவும் நினைவில் இல்லை, அந்தச் சிரிப்பு இருக்கிறது.

2022-இல் அப்பா இங்கே வந்தபோது டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம் என்கிற பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். காரை நிறுத்தின இடத்திலிருந்து நேரே பூங்காவுக்குள் நுழைய முடியாது. நடுவில் ஒரு ஏரி, படகிலோ மோனோரயிலிலோதான் அக்கரைக்குப் போக வேண்டும். நாங்கள் படகில் ஏறினோம். தூரத்தில் கோட்டை சின்னதாகத் தெரிய ஆரம்பித்ததும் அப்பா என் மகனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். இறக்கிவிடச் சொன்னேன், கேட்கவில்லை. என் மகன் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். அப்பா போன வருடம் தவறிவிட்டார்.

தங்கச்சி, அம்மா கூட இருக்கும்போதே போய் வந்துவிடு.

#4 கணக்குப்பிள்ளை

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் பணப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பலர் இதை ஒரே விலையுள்ள பொருளாக நினைக்கிறார்கள், அது தவறு.

1971 அக்டோபர் 1-ஆம் தேதி டிஸ்னி வேர்ல்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 3.50 டாலர், சவாரிக்குத் தனிச் சீட்டு. இன்று ஒரு நாள் டிக்கெட்டின் விலையே தேதியைப் பொறுத்து மாறுகிறது. 2018 அக்டோபரில் இந்த முறை வந்தது. 2025 விலைப்பட்டியலில் மிகக் குறைந்த நாளுக்கு 119 டாலர், கிறிஸ்துமஸ் வாரத்து மேஜிக் கிங்டத்துக்கு 199. சகோதரி போட்ட கணக்கு உச்சத்திலுள்ள வாரத்துக் கணக்கு. தேதியை மாற்றினாலே பெரிய தொகை கழிந்துவிடும்.

இன்னொன்று, முன்பு இலவசமாகக் கிடைத்ததெல்லாம் இப்போது காசு. 1999-இல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் என்கிற வரிசை குறைக்கிற பாஸ் இலவசம். 2021-இல் அதை எடுத்துவிட்டுக் கட்டணச் சேவையைக் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலையிலிருந்து அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ். விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு இலவசமாக ஓடிய பேருந்தும் 2022 தொடக்கத்தில் நின்றுபோயிற்று. பத்து வருடம் முன்பு போனவர்கள் "அவ்வளவு ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

3 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட், ஆனால் பெரியவர் விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் பையனுக்கு ஏறத்தாழ முழு விலை கொடுத்துவிட்டு, பெரிய சவாரிகள் பலவற்றில் அவனை ஏற்றாமல் வெளியே நிறுத்தப் போகிறீர்கள். இதை மனதில் வைத்து நாள்களைக் குறையுங்கள்.

வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம், தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. குடிதண்ணீர் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். உணவுக் கவுன்டரில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் சும்மா தருவார்கள்.

#5 காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஆஸ்டின் அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "என்னை எண்ணிக்கிட்டு எதையும் பண்ணாதே, நான் ரூமிலே இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார். அதுதான் எனக்குப் பயமே. அவரை விடுதி அறையில் தனியாக விட்டுவிட்டு நாங்கள் போவதென்றால் இந்தப் பயணமே வேண்டாம்.

முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#6 ஸ்கார்பரோ

தங்கச்சி, நாங்கள் ரொறன்ரோவில இருந்து காரில போனனாங்கள். 2023 மார்ச். அம்மம்மாவும் வந்தவ, அவவுக்கு அப்ப 74. ரெண்டு நாள் ஓட்டம், 2,000 கிலோமீற்றருக்கு மேல. எங்கட காசை அமெரிக்கக் காசா மாத்தேக்க வயிறு எரியும், அது வேற கதை.

முதல் நாள் அம்மம்மா "நான் நடப்பன்" எண்டு பிடிவாதம். பன்னிரண்டு மணிக்குள்ள கால் வீங்கிப் போச்சு. ஒரு மரத்தடி வாங்கில இருத்தி, நான் பக்கத்தில இருந்து காலைப் பிடிச்சு விட்டனான். பிள்ளையள் தகப்பனோட போயிட்டினம். அடுத்த நாள் ஒண்டும் கேக்காமல் வாசலிலேயே சில்லு வைச்ச கதிரை வாடகைக்கு எடுத்தம். அவ முதலில முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தவ. "சனம் என்னை வருத்தக்காரி எண்டு நினைக்கும்" எண்டா. பேத்தி வந்து "நான் தள்ளுறன் அம்மம்மா" எண்டு பிடிச்ச பிறகுதான் முகம் மலர்ந்தது. ஆகவே முதல் நாளே எடுங்கோ. வலி வந்த பிறகு எடுக்கிறதில பிரயோசனம் இல்லை.

சவாரி மட்டும்தான் வேணுமெண்டால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எங்களுக்கு இஞ்ச கனடாஸ் வொண்டர்லாண்ட் கிட்ட இருக்கு, சீசன் பாஸ் எடுத்தால் கோடை முழுக்கப் போய் வரலாம். உங்களுக்கும் சார்லட்டில கரோவின்ட்ஸ் இருக்கு. பிள்ளை வளர்ந்த பிறகு பெரிய சவாரிக்கு அங்க போங்கோ. ஆர்லாண்டோவுக்கு அம்மாவுக்காகப் போங்கோ.

#7 மழைப்பிள்ளை

இங்கே எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம். சத்தம், நெரிசல், வரிசை மூன்றும் அவனுக்கு ஆகாது. "அவனை ஏன் அங்கே கூட்டிப் போகிறீர்கள்" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள்.

வரிசையில் நிற்க முடியாத குழந்தைகளுக்கு டாஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. முன்கூட்டியே வீடியோ அழைப்பில் பேசிப் பதிய வேண்டும். திரும்பி வர ஒரு நேரம் தருவார்கள், அதுவரை வெளியே அமைதியான இடத்தில் இருக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து விதியை இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று ஆக்கிவிட்டார்கள். காவிரிக்கரை, உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு இதை நம்பிப் போகாதீர்கள். சக்கர நாற்காலிதான் வழி.

உங்கள் பையனும் அம்மாவும் சேர்ந்து ஏறுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். மேஜிக் கிங்டத்தில் பீப்பிள்மூவர் என்று ஒரு வண்டி இருக்கிறது. உயரக் கட்டுப்பாடு இல்லை. மாடி உயரத்தில் மெதுவாக, பத்து நிமிடம் சுற்றி வரும். ஏறுவதற்குச் சாய்வாக நகரும் பாதையில் நிற்க வேண்டும், அம்மாவால் சில அடி நடக்க முடியும் என்றால் போதும். என் மகன் அதில் ஆறு முறை போனான். மூன்றாவது முறை, தானாகவே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவன் யார் கையையும் தானாகத் தொடுகிறவன் இல்லை. மற்ற எந்தச் சவாரியும் நாங்கள் ஏறவில்லை, மதியம் இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பிவிட்டோம். அந்த ஒரு நாளுக்குக் கொடுத்த காசு எனக்குத் துளியும் உறுத்தவில்லை.

#8 எடிசன் அப்பா

மழைப்பிள்ளை எழுதியதைப் படித்து மனம் இளகிவிட்டது. ஆஸ்டின் அம்மா, உங்கள் அப்பா விஷயம் எனக்குத் தெரியாது. வருந்துகிறேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே நல்ல நினைவாகச் சொல்லப்பட்டதெல்லாம் படகு, நாற்காலி, மெதுவாகப் போகிற வண்டி. 700 டாலர் பாஸ் எடுத்து ஓடி ஓடி ஏறிய சவாரியை ஒருவரும் சொல்லவில்லை. நான் மூன்று முறையும் செய்த தப்பு அதுதான். கொடுத்த காசுக்கு ஒன்றுவிடாமல் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். போவதென்று முடிவெடுத்தால் அப்படிப் போகாதீர்கள். என்னைக் கேட்டால் இன்னமும் ஊருக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

#9 நெல்லைச்சீமை (ஆர்லாண்டோ)

பத்து வருடமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். சொந்தம், நட்பு என்று வருடத்துக்கு நாலு குடும்பமாவது எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போகிறார்கள். பார்த்ததைச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் சின்னக் குழந்தையையும் முழங்கால் வலிக்காரரையும் கூட்டிக்கொண்டு வராதீர்கள், தயவுசெய்து. மார்ச் விடுமுறையும் அப்படித்தான். கோடையில் வந்தால் வெயில் ஒரு பக்கம், சாயங்காலம் இடி மின்னல் ஒரு பக்கம். மின்னல் அடித்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். செப்டம்பரில் கூட்டம் குறைவு, ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். உங்கள் அம்மா பிப்ரவரி கடைசி வரை இருக்கிறார் என்கிறீர்களே, ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் வாருங்கள். காலையில் ஸ்வெட்டர் வேண்டும், மதியம் இதமாக இருக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை மூன்று நாள் பள்ளி போகாவிட்டால் ஆசிரியரிடம் முன்பே சொல்லிப் பாடத்தை வாங்கிக்கொள்ளலாம்.

நாலு பூங்கா வேண்டாம். இரண்டு போதும், நடுவில் ஒரு நாள் ஓய்வு. மேஜிக் கிங்டம் ஒன்று. இன்னொன்று அனிமல் கிங்டம், இது அம்மாவுக்காக. அங்கே கிளிமஞ்சாரோ சஃபாரி என்று 110 ஏக்கரில் ஒட்டகச்சிவிங்கி, யானை எல்லாம் திறந்த வெளியில் திரியும். லாரி மாதிரி வண்டியில் சுற்றிக் காட்டுவார்கள், உயரக் கட்டுப்பாடு கிடையாது, சக்கர நாற்காலியோடு ஏறவும் வண்டி உண்டு. காலையில் முதல் வேலையாக அதற்குப் போங்கள். அப்புறம் ஆசியப் பகுதியில் ஆனந்தபூர் என்று ஒரு கற்பனை ஊரைக் கட்டியிருக்கிறார்கள். இந்தியா, நேபாளம் பக்கத்துச் சாயல். பாழடைந்த அரண்மனைச் சுவர், அதற்குள் புலி. எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாருக்கும் பிடித்த இடம் அது.

மகள் உயரம் 44 அங்குலத்தைத் தாண்டியிருக்கும். அவளோடு ஒருவர் ஏறும்போது மற்றவர் பையனோடு இருங்கள். ரைடர் ஸ்வாப் என்று கேளுங்கள். முதல் ஆள் இறங்கியதும் இரண்டாவது ஆள் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். மகளும் இரண்டாவது தடவை கூடப் போகலாம். காசு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. ஊருக்குள் சாலையோரக் கடைகளில் பாதி விலைக்கு டிக்கெட் என்று பலகை வைத்திருப்பார்கள். என் மச்சான் அப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரக் கூட்டம் என்றவர்கள், விடுமுறை வீட்டில் பங்கு வாங்கச் சொல்லி ஐந்து மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் அழுது ஒரு நாளே போயிற்று. அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காதீர்கள்.

ஓய்வு நாளில் அம்மா கோயில் கேட்டால் காசல்பெரியில் இருக்கிறது, கூட்டிப் போங்கள். பெண்ணுக்கு விண்வெளியில் ஆர்வம் இருந்தால் கென்னடி விண்வெளி மையம் ஒரு மணி நேரத் தொலைவுதான். அட்லாண்டிஸ் விண்கலத்தையே கண்ணெதிரே பார்க்கலாம். என்னைக் கேட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதைவிட ஒரு காட்சி வேண்டாம்.

#10 காவிரிக்கரை

நேற்று ராத்திரி எல்லாப் பதிவுகளையும் மறுபடி படித்தோம். கிறிஸ்துமஸ் திட்டத்தைக் கைவிட்டாயிற்று. ஜனவரி, இரண்டு பூங்கா, நடுவில் ஒரு நாள் ஓய்வு, பாஸ் எதுவும் இல்லை. கோடையில் ஊருக்குப் போகிறோம் எடிசன் அண்ணா, அதற்கும் பணம் எடுத்து வைத்தாயிற்று. போய் வந்து எழுதுகிறேன்.

#11 காவிரிக்கரை (பிப்ரவரி)

போய் வந்துவிட்டோம். ஐந்து பேருக்கு இரண்டு நாள் டிக்கெட், வெளியே மூன்று இரவு தங்கல், பெட்ரோல், வண்டி நிறுத்தக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,300 டாலருக்குள் முடிந்தது. முதல் நாளுக்குப் புளியோதரை, இரண்டாம் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி.

ஸ்கார்பரோ அக்கா சொன்னபடி வாசலிலேயே நாற்காலி எடுத்தோம். அம்மா மறுத்தார். மகள் தள்ளுகிறேன் என்று வந்ததும் உட்கார்ந்துவிட்டார், உங்கள் அம்மம்மா மாதிரியே. ஆனந்தபூரில் அந்த இடிந்த சுவர் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி எழுந்து, தூணைத் தொட்டுத் தட்டிப் பார்த்தார். "கல்லு இல்லேடி, சிமென்ட்டு. ஆனா நம்ம ஊர்ல குளத்தங்கரை மண்டபம் இடிஞ்சு கிடக்கே, அச்சு அசல் அப்படியே பண்ணியிருக்கான்" என்றார். புலியைவிட அந்தச் சுவரைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

மழைப்பிள்ளை, பீப்பிள்மூவரில் மூன்று முறை போனோம். அது ஸ்பேஸ் மவுண்டன் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து போகும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே! திடீரென்று ஒரே இருட்டு, எங்கோ மேலே ஆட்கள் கத்துகிற சத்தம். அந்தச் சத்தத்தில் எங்கள் மகளும் அவள் அப்பாவும் இருந்தார்கள். பையன் பாட்டியின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். "அக்கா அழறாளா?" என்று கேட்டான். "இல்லடா, சிரிக்கிறா" என்று அம்மா சொன்னார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவனே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான். 39½. அம்மாவிடம் பென்சிலைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னான், போட்டார்.